தர்சினிக்கு எத்தனை அண்ணன்மார்?

மகனே,

வரும் திங்கட்கிழமை நீ புது வேலையில் சேர்கிறாய். தஞ்சம் கேட்டு வருகிறவர்களை எதிரில் இருத்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அது நம்பத்தக்கதா இல்லையா என்று எழுதுகிற வேலை. உன் அப்பா லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் தன் சிநேகிதர்கள் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டார். சட்டம் படித்த மகன், அரசாங்க உத்தியோகம், அவருக்கு இதைவிட என்ன வேண்டும். நானும் கேக் வாங்கினேன், வாழ்த்தும் சொன்னேன். வாழ்த்துச் சொல்லும்போதே என் முகம் சரியாக இல்லை என்பதை நீ கண்டுகொண்டாய். "ஏனம்மா முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டாய். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்றது பொய். எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு உன்னை வேலைக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், உன்னைப் போன்ற பிள்ளைகள் இப்போது ஒருவர் இருவர் அல்ல. அகதியாக வந்தவர்களின் பிள்ளைகள் காவல்துறையில் இருக்கிறார்கள், நலத்துறை அலுவலகங்களில் இருக்கிறார்கள், இப்போது நீ போகிற இடத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் என்னைப் போலக் கேக் வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்களோ என்னவோ. தர்சினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேறு. தர்சினி என்ற பெயரை அவளே தெரிவு செய்து தந்தாள்.

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். தர்சினி என் மூத்த அக்காவின் மகள். கிளிநொச்சியில் ஒரு டியூட்டரியில் கணிதம் படிப்பித்தவள். கடைசிச் சண்டையின் முடிவில் அவளுடைய அண்ணன்மார் இருவரையும் இராணுவம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது. சின்னண்ணா அவளோடு கூடப் பிறந்தவன். பெரியண்ணா அவளுடைய பெரியப்பாவின் மகன். பெரியப்பாவும் பெரியம்மாவும் ஷெல்லடியில் போன பிறகு, கைக்குழந்தையாக இருந்த அவனை என் அக்காதான் தூக்கி வளர்த்தாள். தர்சினி பிறந்தபோது அந்த வீட்டில் இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பெரியண்ணா இயக்கத்தில் இருந்தவன், சின்னண்ணா இல்லை. இருவரும் திரும்பி வரவில்லை. அக்கா இருவரின் படங்களையும் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு வீதியோரப் போராட்டக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தாள். நோய் வந்து அவள் செத்த பிறகு, அந்த இடத்தில் போய் இருந்தவள் தர்சினி. அதன் பிறகுதான் சீருடை போடாத புலனாய்வுக்காரர்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போய், அடுத்த நாள்தான் விட்டார்கள். திரும்ப டியூட்டரிக்கும் வந்தார்கள். அவள் நாட்டை விட்டாள்.

இங்கே நோர்வேயில், ஒஸ்லோவுக்கு வந்து தஞ்சம் கேட்டு, கொஞ்சக் காலம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீ அப்போது படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாய். அவள் வந்த முதல் நாளே உன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு வரவேற்பறைச் சோபாவுக்கு மாறினாய். அதற்காக நான் இன்றும் உன்னை மெச்சுகிறேன். நீ கெட்ட பிள்ளை என்று இந்தக் கடிதத்தில் எங்கும் சொல்லப் போவதில்லை. கெட்ட பிள்ளை என்றால் இவ்வளவு எரிச்சல் வராது.

நேர்காணலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். உள்ளே விடமாட்டார்கள், அதனால் வெளியே ஒரு கடையில் கோப்பிக்கு மேல் கோப்பி குடித்துக்கொண்டு, மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு இருந்தேன். பின்நேரம் வெளியே வந்தவள் களைத்துப்போயிருந்தாளே தவிரப் பயந்திருக்கவில்லை. "நல்லாத்தான் போச்சு, சின்னம்மா. நல்ல பிள்ளை. தண்ணியெல்லாம் தந்து சிரிச்சுக் கதைச்சவ" என்றாள். கேள்வி கேட்ட அதிகாரி உன் வயதுப் பெண். மொழிபெயர்ப்பாளர் கணினித் திரையில் வந்தவர், தமிழ்நாட்டுக்காரர். அவரைப் பற்றியும் தர்சினி குறை சொல்லவில்லை. மரியாதையாகக் கதைத்தார், வடிவான தமிழ் என்றாள்.

மறுமொழி வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நிராகரித்திருந்தார்கள். காரணங்களை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் கதிரையின் விளிம்பில் இருந்து கேட்டாள். இங்கே வந்து இறங்கி முதலில் காவல்துறையில் பதிந்தபோது ஒரு சகோதரன் என்று சொன்னவள், நேர்காணலில் இரண்டு என்று சொல்லியிருக்கிறாள். தடுத்து வைக்கப்பட்டதைப் பற்றிச் சொன்னது பொதுவாக இருக்கிறது, சொந்த அனுபவத்துக்குரிய விவரங்கள் இல்லை. அதிகாரிகளுக்குத் தன் மேல் மேற்கொண்டு அக்கறை இருக்கவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவள் சொல்வது நம்பத்தக்கதாக இல்லை.

நீ வந்து அதை வாங்கி, சாப்பாட்டு மேசையில் இருந்து முழுவதும் படித்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் படிக்கிற பிள்ளை, இதில் எங்கே பிழை என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான் என்று நினைத்தேன். நீ படித்து முடித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "அம்மா, குறை விளங்கக் கூடாது. நான் எண்டாலும் இப்பிடித்தான் எழுதியிருப்பன். எத்தனை சகோதரம் எண்டதிலயே முரண் இருக்கு. அடிப்படை விஷயத்தில முரண் எண்டால் மிச்சத்தை எப்பிடி நம்புறது?"

பிறகு எழும்பி, அடுப்படி வாசலில் நின்று, அடுத்த அறைக்குப் போயிருந்தவளிடம், "தர்சினியக்கா, உங்களுக்கும் தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. உன்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன். "அவள் உனக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"அக்கா."

"எந்த வயித்தில பிறந்த அக்கா?"

பெரியம்மாவின் மகள் உனக்கு அக்கா. அதை உனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, பேசத் தொடங்கிய நாளிலிருந்து திராமனில் இருக்கும் பெரியப்பாவின் மகனை நீ அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாய். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அவனை நோர்வேஜிய மொழியில் மச்சானா அண்ணனா என்று பிரித்துச் சொல்லாத ஒரு பொதுச் சொல்லால் சொல்லுவாய், வீட்டுக்கு வந்ததும் அவன் மறுபடி அண்ணாவாகிவிடுவான். இந்த மாற்றத்தை ஒரு நாளைக்குப் பல தரம் யோசிக்காமல் செய்கிற ஒருவன், அதே மாற்றத்தைச் செய்யத் தெரியாமல் போன ஒருத்தியைப் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினாய். காவல்துறையில் அவளிடம் "உடன்பிறந்த சகோதரர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள், ஒருவர் என்றாள். நேர்காணலில் நடந்ததைச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள், இரண்டு அண்ணன்மாரையும் கொண்டு போனவை என்றாள். இரண்டும் உண்மை. அந்த அதிகாரிப் பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவளை நான் மன்னிப்பேன். உன்னை எப்படி மன்னிக்கிறது?

நீ சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "அம்மா, நான் அவை எழுதினதைப் படிச்சனான். அதில சகோதரன் எண்டுதானே இருக்கு." அதுதான் என் பயமே. எழுதின தாளைப் படிக்கும்போது உனக்கு அக்காவும் மறந்துபோனாள், அண்ணாவும் மறந்துபோனான். இத்தனைக்கும் அவள் அடுத்த அறையில் இருந்தாள். நாம் கதைத்தது முழுவதும் அவளுக்குக் கேட்டது. தேத்தண்ணி ஆறிப்போகும் மட்டும் அவள் வெளியே வரவில்லை.

நீ நாலாம் வகுப்பில் படித்தபோது நடந்ததை அன்று உனக்கு நினைவூட்ட நினைத்து, கோபத்தில் விட்டுவிட்டேன். உன் வகுப்பில் ஒரு பிள்ளையின் கையுறைகள் காணாமல் போயிருந்தன. ஆசிரியை எல்லோரிடமும் கேட்டபோது நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வீட்டில் பெரியவர்கள் கண்டித்துக் கேட்டால் முகத்துக்கு நேரே பார்க்கக் கூடாது என்று உன் அப்பா சொல்லித் தந்திருந்தார். ஆசிரியை அதைக் கள்ளம் என்று எடுத்துக்கொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் போய், எங்கள் வீட்டில் நிலத்தைப் பார்ப்பதுதான் மரியாதை என்று விளக்கினேன். அவர் நல்ல மனுசி, உன்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கையுறைகள் உடைமாற்றும் அறையில் வேறொரு பையின் கீழே கிடந்தன. நீ வீட்டுக்கு வந்து அழுதாய். கையுறைகள் அகப்பட்ட பிறகும் அழுதாய். "அவ முதல்லயே என்னை நம்பேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன நடந்தது என்று கேட்கத்தான் அன்று எனக்கு வாய் வந்தது.

அன்று உன் அப்பாவும் மேசையின் மறுமுனையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்; "என்னை எல்லாம் உடனே நம்பினவங்கள்" என்றார். அவர் வந்த காலத்தில் ஒரு பொலிஸ்காரர் அரைகுறை ஆங்கிலத்தில் ஏன் வந்தாய் என்று கேட்டாராம், இவர் அரைகுறை ஆங்கிலத்தில் சண்டை என்றாராம், பொலிஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாராம். பிறகு வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டும் வேலைக்குப் போய்விட்டார். அந்த வாரம் தொலைக்காட்சியில் எங்கள் ஊர் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொலிஸ்காரர் நம்பியது தொலைக்காட்சியை. இதைச் சொன்னால் உன் அப்பாவுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் உண்மை. தர்சினி வந்தபோது தொலைக்காட்சி வேறு இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தது.

மேன்முறையீட்டுக்கு ஒரு சட்டத்தரணி கிடைத்தார். கெட்டிக்காரி, ஆனால் எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு ஓடுகிறவர். அவர் நேர்காணல் பதிவின் பிரதியைத் தந்து, எங்கே பிழை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நானும் தர்சினியும் ஒரு சனி ஞாயிறு முழுவதும் மேசையில் இருந்து அதைப் படித்தோம். நான் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிச் சொல்ல, அவள் தான் உண்மையில் சொன்னது என்ன என்று சொன்னாள். சில இடங்களில் சிரித்தோம். "பெரியண்ணா பெடியளோட இருந்தவர்" என்று அவள் சொன்னது, பெரிய சகோதரன் பையன்களோடு இருந்தான் என்று ஆகியிருந்தது. எந்தப் பையன்கள், நண்பர்களா என்று அதிகாரி கேட்க, இவள் ஓம் என்றிருக்கிறாள். பெடியள் என்றால் இயக்கம் என்று எங்களில் யாருக்கு விளக்க வேண்டும்? அந்த மொழிபெயர்ப்பாளர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய ஊரில் பையன்கள் பையன்கள்தான்.

சிரிக்க முடியாத இடமும் வந்தது. விட்ட பிறகு அதிகாரிகளுக்கு உன் மேல் அக்கறை இருக்கவில்லை, அப்படித்தானே என்ற கேள்விக்கு "ஆம்" என்று பதிந்திருந்தது. தர்சினி அந்த வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். "அந்தக் கேள்வி நீளமா இருந்தது, சின்னம்மா. அவ சொல்லச் சொல்ல நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தனான். பதில் சொல்ல முதல் அடுத்ததுக்குப் போட்டினம்" என்றாள். எங்கள் ஆட்கள் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டிருப்பாய். நீயும் அம்மாவின் நீளமான புத்திமதிகளுக்கு இப்படித்தான் ஓம், ஓம் என்பாய். அதை நான் ஒருநாளும் நீ சம்மதித்துவிட்டாய் என்று எடுத்ததில்லை. கடைசியில் பதிவை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் கதைத்துக் களைத்தவள் அதற்கும் ஓம் என்றுவிட்டாள். இது எல்லாவற்றையும் நான் எழுதிக் கொடுத்தேன். சட்டத்தரணி படித்துவிட்டு, அண்ணா என்ற சொல்லின் பொருளுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். நான் என்ன செய்வது, மகனே? என் வாயைத்தான் ஆதாரமாகக் காட்ட முடியும்.

மிஞ்சியிருந்தது விவரங்கள் இல்லை என்ற குற்றச்சாட்டு. அவள் வந்த நாளிலிருந்து நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். சீப்பால் தலை இழுக்கும்போதும் மேல் அலுமாரியில் ஏதாவது எடுக்கும்போதும் அவள் இடது கையை மட்டும் பாவிப்பாள். கேட்டால் உளுக்கு என்பாள். ஒரு நாள் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, விசாரணைக்குக் கொண்டுபோன இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் பேசும் மட்டும் சும்மா நடந்தேன். அவள் சொன்னாள். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அதற்கு அவள் சம்மதம் தரவில்லை. கையைப் பின்னால் முறுக்கிக் கட்டி வைத்திருந்ததை மட்டும் எழுதலாம் என்றாள். அந்த அறையில் ஒரு மின்விசிறி இருந்ததாம், அதன் ஒரு தகடு வளைந்து, சுற்றும்போதெல்லாம் கூட்டில் உரசிக்கொண்டே இருந்ததாம். விடியும் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் இதை நேர்காணலில் சொல்லவில்லை என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "காத்தாடிச் சத்தத்தையோ அவையளுக்குச் சொல்லுறது? அவ எத்தனை மணி, எத்தனை பேர், சுவர் என்ன நிறம் எண்டு கேட்டவ. எனக்கு ஒண்டும் நினைவில்லை. மற்றதுகளை, அந்தத் திரையில இருந்த அண்ணைக்கு முன்னால நான் எப்பிடிச் சொல்லுறது?"

நான் வருடந்தோறும் வாய்மொழிச் சோதனைகளில் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிறவள். எல்லாம் தெரிந்த பிள்ளை ஒரு கேள்வியில் வெறுமனே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியாத பிள்ளை சரளமாகப் பொழிவதையும் பார்த்திருக்கிறேன். நின்றுபோன பிள்ளைக்குத் தெரியாது என்று உடனே புள்ளி போட்டால் என்னை வேலையிலிருந்து அனுப்ப வேண்டும். வேறு வழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும், தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். அங்கே பணயம் ஒரு புள்ளி. இங்கே பணயம் ஒரு ஆள். ஆனால் அவளைப் பற்றி எழுதியவர்கள், விவரம் இல்லாதது அவளிடமா, தாங்கள் கேட்ட கேள்வியிலா என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் அவளைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெண், பொறுமையாகத் தோளைப் பார்த்தார். கையைப் பின்னால் இழுத்துக் கட்டினால் வரக்கூடிய காயம் என்று எழுதித் தந்தார். அதன் பிறகுதான் மேன்முறையீட்டுச் சபை அவளை நேரில் கேட்கச் சம்மதித்தது. தர்சினி பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டாள். திராமனிலிருந்து எங்கள் பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். உன்னையும் வரச் சொன்னேன், நீ அவளை அக்கா என்று கூப்பிடுகிறாய் என்று சொன்னால் போதும் என்றேன். நீ அப்போது இந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தாய். சொந்தக்காரர் விஷயத்தில் தலையிட்டதாக ஆகிவிடும், பிறகு சிக்கல் என்றாய். சட்டப்படி நீ சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். என் எரிச்சல் சட்டம் பார்த்து வருவதில்லை.

என்னை முதலில் கேட்டார்கள், பிறகு ஓரமாக இருக்க விட்டார்கள். சபைத் தலைவர் வயதானவர், அமைதியானவர். இப்போது எல்லாம் விளங்குகிறது என்பது போலத் தலையாட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் பதிவுக்காக ஒன்றைத் தெளிவாக்க வேண்டும் என்று தர்சினியைப் பார்த்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது அவருடைய குரலும் கொஞ்சம் தாழ்ந்தது. "அப்ப, மூத்தவர் உங்கட அண்ணா இல்லை. அப்பிடித்தானே?"

தோளைப் பற்றியும் அந்த அறையைப் பற்றியும் அழாமல் சொல்லி முடித்தவள், இந்தக் கேள்விக்கு மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். சட்டத்தரணி அவள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். எனக்கு எழுந்து, அவன் அவளுடைய அண்ணாதான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். அவள் மெல்ல, "இல்லை" என்றாள். தலைவர் நன்றி சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து ட்ராமுக்கு நின்றபோது அவள் அழுதாள். "சின்னம்மா, அம்மா சாகும் மட்டும் ரெண்டு படத்தையும் சமனாத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. நான் இண்டைக்கு ஒருத்தரைக் கீழ வச்சிட்டன்" என்றாள். ட்ராம் வந்ததும் அவளுடைய இடது கையைப் பிடித்து ஏற்றினேன்.

வசந்தம் தொடங்கியபோது முடிவு வந்தது. இருக்க அனுமதி. நீ அவளைக் கட்டிப்பிடித்தாய், அப்பா சுவீட் வாங்கப் போனார். நான் அந்த முடிவை இரண்டு தரம் படித்தேன். புதிய மருத்துவத் தகவல்களையும் முழுமையான மதிப்பீட்டையும் கருத்தில் கொண்டு என்று இருந்தது. முதல் தீர்மானம் பிழை என்று எங்கும் இல்லை. அவள் ஓம், ஓம் என்றதைப் பற்றி எதுவும் இல்லை. ஒரு சகோதரனும் ஒரு ஒன்றுவிட்ட சகோதரனும் காணாமல் போயிருக்கிறார்கள் என்று இருந்தது. தர்சினி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப, என்னை நம்பினவையோ இல்லையோ?" நான் திரும்பவும் தேடிப் பார்த்தேன். அதற்குப் பதில் அந்தத் தாள்களில் இல்லை. அவளுடைய தோளை நம்பியிருக்கிறார்கள். அது அவளைக் காப்பாற்றிவிட்டது, அதற்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் தோளில் காயம் இல்லாமல், சொல்ல வாய் மட்டும் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நியாயமாக இராது. உனக்கு வேலை கிடைத்த செய்தி வந்த வாரம், நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, நீ கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாய். தர்சினி துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வரவேற்பறையில் இருந்தேன், ஆனால் கேட்டது. நீ தண்ணீரை நிறுத்திவிட்டு, "அக்கா, அண்டைக்கு உங்களை அவை எப்பிடிக் கேட்டிருக்க வேணும்?" என்று கேட்டாய். அவள் உடனே பதில் சொல்லவில்லை. நீயும் அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ காரின் கண்ணாடியிலிருந்து, வசந்தம் வந்தும் விடாத உறைபனியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் சொன்னாள். "கேள்வி எல்லாம் நல்ல கேள்விதான், தம்பி. கேட்டுப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்திருக்கலாம். நான் வாயைத் திறக்க முதல் அவ அடுத்ததைக் கேட்டுப்போட்டா. அவவுக்கும் நேரம் இல்லையாக்கும்."

நீ திரும்பவும் தண்ணீரைத் திறந்தாய். கோப்பையைக் கழுவித் தந்தாய், அவள் துடைத்தாள்.

உனக்கும் நேரம் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாளில் இத்தனை முடிக்க வேண்டும் என்பார்கள், மேலதிகாரி வாசலில் நின்று கேட்பார், எதிரில் இருப்பவர் களைத்துப்போய் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார். பொய் சொல்கிறவர்களும் வருவார்கள். எல்லோரையும் நம்பு என்று நான் சொல்லவில்லை, நான் அவ்வளவு அப்பாவி இல்லை. யாருடைய ஊரில் எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லாம் உனக்குத் தெரியவும் முடியாது. எரித்திரியாக்காரருக்கும் ஆப்கானியருக்கும் எத்தனை வகை அண்ணன்மார் என்று எனக்கே தெரியாது. தெரியாது என்பதை மட்டும் மறக்காதே. உன் தோல் நிறத்தையும் உன் பெயரையும் பார்த்து, இவனுக்கு எங்களை விளங்கும் என்று நம்பிக்கொண்டு சிலர் அந்தக் கதிரையில் வந்து இருப்பார்கள். அந்த நம்பிக்கை, நீ ஒன்றும் செய்யாமலே உனக்குக் கிடைத்தது.

அந்த வேலை உனக்குப் பிடித்துப்போகலாம், ஒரு வருடத்தில் விட்டுவிட்டும் வரலாம். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் என்றாவது ஒரு நாள் நீ வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு ஒருவர் சொன்னது பொருந்தவில்லை அம்மா என்று சொன்னால், அவர் யார், எந்த நாடு, என்ன சொன்னார் என்று நான் கேட்க மாட்டேன். அதைச் சொல்ல உனக்கு அனுமதியும் இல்லை. நான் உன்னிடம் கேட்கப்போவது ஒன்றுதான். கேள்வியைக் கேட்ட பிறகு, எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாய்?

அம்மா